காய்கனிப் பந்தலில் பத்து முதுகுகள்

1

இந்தக் கதை பொறாமையிலிருந்து வந்தது. கூட்டங்களில் கேட்டால் வேறு மாதிரி சொல்வேன். ‘மலை மக்களின் வாழ்வு என்னை உலுக்கிவிட்டது’ என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லக்கூடிய ஆள்தான் நான், சொல்லியும் இருக்கிறேன். நம்பாதீர்கள். போன மே மாதம் ஏற்காட்டில் ஒரு காய்கனிப் பந்தலுக்குள் ஐந்து நாள் உட்கார்ந்திருந்தேன். அங்கே ஒரு பெண்மணிக்கு நடந்த ஒன்று எனக்கு நடக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தொடக்கத்தை மட்டும் நான்கு முறை எழுதிவிட்டேன்.

முதலாவது: ‘வெண்பனி போர்த்திய சேர்வராயன் மலையின் மடியில் —’ பொய். மே மாதம், காலை பதினொரு மணி. மலை போர்த்தியிருந்தது டீசல் புகை. ஏரியைச் சுற்றி வண்டிகள் ஒன்றுக்கொன்று ஹாரன் அடித்து நலம் விசாரித்துக்கொண்டிருந்தன.

இரண்டாவது: ‘கலை என்பது என்ன?’ இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்க மாட்டேன். உங்களை எப்படிப் படிக்கச் சொல்வது?

மூன்றாவது: ‘அவள் தூரிகையை எடுத்தபோது மலையே மூச்சை அடக்கிக்கொண்டு —’ அடச்சீ.

நான்காவது இது: ‘ஆன்மேரிக்கு நாற்பத்தெட்டு வயது. ஒரு காபி எஸ்டேட் ஆபீஸில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறார்.’ சப்பென்று இருக்கிறது. ஆனால் உண்மை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

ஆன்மேரிக்கு நாற்பத்தெட்டு வயது. ஒரு காபி எஸ்டேட் ஆபீஸில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறார். காலையில் ஆபீஸுக்குக் கிளம்புவதற்கு முன்னால் படம் வரைவார். அவரும் அவருடைய தங்கை ஃபெபியும் ஏரியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஓட்டு வீடு ஒன்றில் இருக்கிறார்கள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்கிறவர்கள் வேறு கதை படிக்கலாம்.

அந்த வீட்டில் மூன்று அறைகள். இரண்டை ஃபெபி ஏற்கெனவே ஹோம்ஸ்டே ஆக்கிவிட்டார். மூன்றாவது, கிழக்கு ஜன்னல் வைத்த பின்னறை. அங்கேதான் ஆன்மேரியின் மேசை, பலகைகள், பெயின்ட் டியூப்கள். ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு. காலை ஆறரைக்கு வரும் வெளிச்சம் பத்தரை வரை மேசையிலேயே இருக்கும். சகோதரிகள் இருவரும் படுப்பது ஹாலில்.

அந்தப் பின்னறையையும் வாடகைக்கு விட ஃபெபிக்கு ஆசை. ஆன்மேரிக்கு விட மனமில்லை. போன ஏப்ரலில் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன் இது முடிவுக்கு வந்தது.

“அக்கா, நீ வரையறத நான் வேண்டாங்கலை. யாராச்சும் ஒருத்தர் காசு குடுத்து ஒண்ணு வாங்கட்டும். ஒரே ஒண்ணு. அப்புறம் அந்த ரூம் பக்கம் நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன். இந்த விழாவுலயும் விக்கலைன்னா ஜூன்ல கட்டில் போட்டுருவேன். சரியா?”

“சரி.”

“சும்மா தூக்கிக் குடுத்துட்டு வித்தேன்னு சொல்லக்கூடாது.”

“சொல்ல மாட்டேன்.”

இதை ஆன்மேரியே என்னிடம் சொன்னார், விழாவின் முதல் நாள் மத்தியானம், எலுமிச்சை சாதத்தை எனக்குப் பாதி எடுத்து வைத்துக்கொண்டே. ஆகவே வாசகரே, நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: ஒரு படம் விற்றால் அறை மிஞ்சும். விற்காவிட்டால் கட்டில் வரும்.

[ஃபெபியை வில்லியாக்க மூன்று முறை முயன்றேன். ஒரு வரைவில் அவருக்கு மெல்லிய உதடுகள் கொடுத்தேன். இன்னொன்றில் தூரிகையை உடைக்க வைத்தேன். எதுவும் ஒட்டவில்லை. அந்த வீட்டு ஓடு மழைக்கு ஒழுகுகிறது. ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைப்பவர் ஃபெபி. ஓடு மாற்றுகிற யோசனை இருக்கிற ஒரே ஆளும் அவர்தான். இப்படிப்பட்டவரை எப்படி வில்லியாக்குவது?]

3

விழாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது பெரிய விழா அல்ல. ‘மலைக்கோடைக் கொண்டாட்டக் குழு’ என்று ஏழெட்டுக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு தனியார் மைதானத்தில் நடத்துவது. செயலாளர் குழந்தைவேல். மிளகு, தேன், யூகலிப்டஸ் தைலம் விற்கும் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷர். அவருக்கு இந்த உலகத்தில் மூன்று வகைப் பொருள்கள்தான் தெரியும். விண்ணப்பப் படிவத்தில் அவற்றை அச்சடித்தும் வைத்திருந்தார்: மலர், காய்கனி, செல்லப் பிராணி.

“ஏனுங்க, படத்துக்குன்னு தனியா ஒண்ணும் இல்லீங்களா?” என்று ஆன்மேரி கேட்டிருக்கிறார்.

“படம் இப்பத்தானுங்க மொத மொறயா வருது. பூவுல போட்டுக்கட்டுங்களா?”

“பூ ஒண்ணும் வரையலைங்களே.”

“நாய் கீய் எதாச்சும்?”

“ஒரு படத்துல ஓரமா ஒரு நாய் இருக்குதுங்க.”

“ஓரமா இருந்தா ஆகாதுங்க. ஊசி போட்ட சீட்டு வேற கேப்பாங்க. காய்கனில போட்டர்றேன். பந்தலும் பெருசு, மழ வந்தா நனையாது.”

அப்படித்தான் ஆன்மேரியின் பத்துப் படங்களும் காய்கனி, எண் 37 ஆயின. கயிற்றில் கட்டிய ஓர் அட்டையையும் கொடுத்தார்கள். அதை அவர் முதல் படத்தின் ஆணியில் தொங்கவிட்டார். இடது பக்கம் 36: தர்பூசணியில் செதுக்கிய மயில். வலது பக்கம் 38.*

* 38 நான். என் ஆறு புத்தகங்களும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும். குழந்தைவேல் என் படிவத்தைப் பார்த்து, “புக்கும் மரத்துல இருந்துதானுங்களே வருது” என்று சமாதானம் சொன்னார். முப்பது வருட எழுத்து வாழ்க்கையில் என் புத்தகங்களுக்குக் கிடைத்த மிகத் தெளிவான வகைப்பாடு அதுதான்.

4

இப்போது படங்கள். இங்கே ஒரு கதாசிரியன் வழக்கமாக என்ன செய்வான் என்றால், வண்ணங்களை வர்ணிக்கத் தொடங்கி, ‘நீலத்தின் ஆழத்தில் ஒரு சோகம்’ என்று —

வேண்டாம். பத்துப் படத்திலும் முதுகு. அவ்வளவுதான் விஷயம்.

ஏற்காட்டுக்கு வருகிறவர்களின் முதுகு. காட்சிமுனைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக ஏழு பேர் பின்னாலிருந்து. ஏழு பேரின் தலைக்கு மேலும் ஏழு போன்கள். பள்ளத்தாக்கு அந்த இடுக்கில் ஒரு துண்டுதான் தெரியும். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜிக்குக் குனிந்திருக்கும் ஒரு குடும்பம். சேர்வராயன் கோயில் குகைக்குள் நுழையக் குனிந்த ஒருவரின் பின்புறமும் அதில் துருத்திக்கொண்டிருக்கும் மணிபர்ஸும். பதினான்காவது கொண்டை ஊசி வளைவில் காரை நிறுத்திவிட்டு வாந்தியெடுக்கும் ஒருவர். ஒரு கையில் அரை எலுமிச்சம்பழத்தோடு இன்னொரு கையால் அவர் முதுகைத் தட்டும் மனைவி.

நன்றாக இருந்தன. எரிச்சலாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நொடியில் பார்த்ததை வருடக்கணக்கில் பார்த்தவர் வரைந்த மாதிரி இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் சின்னச் சீட்டில் விலை: ரூ. 2500.

யார் வாங்குவார்கள், சொல்லுங்கள். தன் முதுகைக் காசு கொடுத்து வாங்க எவன் மலையேறி வருவான்?

“ஏரி இல்லையாங்க? போட் போற மாதிரி?”

“இல்லீங்க.”

“இவங்க ஏன் திரும்பி நிக்கறாங்க? மூஞ்சி எப்ப வரைவீங்க?”

“வரைஞ்சு முடிஞ்சுதுங்க. அவ்வளவுதான்.”

ஒரு அம்மாள் பிள்ளையை அந்த ஏழு முதுகுகளுக்கு முன்னால் நிறுத்தி, எட்டாவதாகத் திரும்பி நிற்கச் சொல்லி ரீல்ஸ் எடுத்தார். பெங்களூரிலிருந்து வந்த தாடிக்காரர் ஒருவர் வாந்திப் படத்தின் முன்னால் இருபது நிமிடம் நின்றார். ‘இதில் ஒரு வலி இருக்கிறது, நவீன மனிதனின் வெளியேற்றம் இருக்கிறது’ என்றார். ஆன்மேரி, “எலுமிச்சம்பழமும் இருக்குதுங்க” என்றார். தாடிக்காரர் மிகவும் நெகிழ்ந்து, போனில் நான்கு கோணத்தில் படம் பிடித்து, “போதும், இனி இது என்னோடயே இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனுஷன் போனபின் ஆன்மேரி விலைச்சீட்டைத் தொட்டு நேராக்கி வைத்தார். ஐந்து நாளில் அவர் அதை எத்தனை முறை நேராக்கினார் என்று நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் இங்கே பயன்பட்டிருக்கும்.

என் பக்கம் நிலவரம் கேட்கிறீர்களா? விற்றது ஒன்று. அதையும் மறுநாள் ஒருவர் கொண்டுவந்து, “உள்ள ஒரே வர்ணனையா இருக்குதுங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

5

மூன்றாம் நாள் வரை ஆன்மேரி நன்றாகப் பேசினார். நான்காம் நாள் காலை, “ஃபெபி கட்டில் பாத்துட்டு வந்துட்டாளுங்க சார். இரும்புக் கட்டில்” என்று மட்டும் சொன்னார். பிறகு மடியில் ஒரு சின்னப் பலகையை வைத்துக்கொண்டு எதையோ வரைய ஆரம்பித்தார்.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். காரணம் பிறகு.]

6

ஐந்தாம் நாள். இதைப் புரிந்துகொள்ள உங்களுக்கு ஒரு வழக்கம் தெரிய வேண்டும்.

இந்த விழாவின் கடைசி நாள் மாலை, பரிசு கொடுத்து முடிந்ததும் குழந்தைவேல் மேடையிலிருந்து ஒரு விசில் அடிப்பார். விசில் அடித்துவிட்டால் காட்சிக்கு வைத்ததை எல்லாம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம். ஐந்து நாள் வெயிலில் இருந்த பூவையும் காயையும் திரும்ப யார் சுமப்பது? அதனால் வந்த வழக்கம். சுற்றுவட்டார ஜனங்களுக்கு விழாவே அந்த ஐந்து நிமிடம்தான். நான்கு மணிக்கே பெண்கள் கட்டைப்பையோடும் சாக்கோடும் வந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் மரியாதையாக நின்றுவிடுவார்கள். யாரும் ஒரு தக்காளியைக்கூட முன்னால் தொட மாட்டார்கள். திருட்டு என்ற பேச்சே அங்கே கிடையாது.

நான்கரைக்கு மைக்கில் அறிவிப்பு வந்தது: “காய்கனி அலங்காரம், மூன்றாம் பரிசு, எண் முப்பத்தேழு, ஆன்மேரி!”

ஆன்மேரி என்னைப் பார்த்தார். நான் தர்பூசணி மயிலைப் பார்த்தேன். அதற்கு ஒன்றும் இல்லை.

“சார், படத்தக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா? இதா வந்தர்றேனுங்க.”

“போங்க, நான் இருக்கேன்” என்றேன்.

அவர் மேடையை நோக்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் விசில் அடித்தது.

முதல் வடிவம்: நான் இரண்டு கையையும் விரித்து அந்தப் படங்களுக்கு முன்னால் நின்றேன். ‘இது கலை!’ என்று கத்தினேன். கூட்டம் என்னைத் தள்ளி —

இல்லை.

இரண்டாவது வடிவம்: நான் அப்போது பஜ்ஜி வாங்கப் போயிருந்தேன்.

அதுவும் இல்லை. அங்கேயேதான் இருந்தேன். நடந்தது இது. கரடியூர் மாதம்மாள் என்பவர் (பெயரைப் பிறகு கேட்டுக்கொண்டேன்) இடது இடுப்பில் ஒரு பூசணிக்காயோடு வந்து, வலது கையால் வாந்திப் படத்தைக் கழற்றினார்.

“ஏம்மா, அது படம். வைங்க” என்றேன்.

“படம்னு தெரியுதுங்க. காய்கனி முப்பத்தேழுன்னு அட்ட தொங்குதுங்கல்ல? விசில் அடிச்சாச்சு. போன வருசம் நான் எடுத்த சேனைக்கும் இதே மாரி அட்ட இருந்துச்சுங்க.”

“இதை வச்சு என்ன பண்ணுவீங்க?”

“ஊட்ல மாட்டுவேன். இந்தப் பொம்பள தட்டற தட்டப் பாருங்க சாமி! எங்கூட்டுக்காரரு அடிவாரம் போயிட்டு வந்தாலே இப்படித்தான். நான்தான் இறங்கித் தட்டோணும். கையப் பாருங்க, எங்கையி மாரியே இருக்குது. நொம்பப் பாத்துத்தான் எழுதியிருக்கறாங்க.”

முப்பது வருடமாக எனக்கு வந்த விமர்சனங்களை ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். அதில் இப்படி ஒரு வரி இல்லை.

அப்புறம் மளமளவென்று போயின. ஏழு முதுகுப் படத்துக்கு இரண்டு பேர் நிஜமாகவே சண்டை போட்டார்கள். நான்தான் மொதல்ல கை வச்சேன், இல்லை நான்தான், என்று பலகையை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கடைசியில் ஒருத்தி தான் எடுத்து வைத்திருந்த, கேரட்டிலேயே செய்த ரயிலை முழுசாக விட்டுக்கொடுத்து அதை வாங்கிக்கொண்டு போனாள். குகைப் படத்தை எடுத்தவர், “மணிபர்ஸப் பாரு, மணிபர்ஸப் பாரு” என்று சிரித்துக்கொண்டே போனார். நான்கு நிமிடத்தில் பத்து ஆணியும் காலி.

38ஆம் எண்ணுக்கும் விசில் அடித்துத்தான் இருந்தது. என் புத்தகங்களும் இலவசம்தான். ஒருவர் வந்தார். ஒன்றை எடுத்தார். பின்னட்டையில் என் போட்டோவைப் பார்த்தார். இருந்த இடத்திலேயே, அதே கோணத்தில், கவனமாகத் திருப்பி வைத்துவிட்டுப் பக்கத்திலிருந்த முள்ளங்கியை எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது தெரிகிறதா பொறாமை எங்கிருந்து வந்தது என்று?

7

ஆன்மேரி திரும்பி வந்தார். பரிசாக ஒரு ஹாட்பாக்ஸ். காலி ஆணிகளைப் பார்த்தார்.

அவர் முகம் மலர்ந்தது. அதை எழுதத்தான் வேண்டும், வேறு வழியில்லை. ஐந்து நாளில் நான் பார்க்காத முகம்.

“வித்துப்போச்சுங்களா சார்? எல்லாமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் பந்தலுக்கு வெளியே ஒரு பெண் கட்டைப்பையில் முட்டைக்கோசுக்கு நடுவே பஜ்ஜிக் குடும்பத்தைச் செருகிக்கொண்டு போனாள். ஆன்மேரி அதைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஹாட்பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன்.

“சண்ட போட்டாங்களா?” என்று கேட்டார்.

“போட்டாங்க.”

“நெஜமாவா! எந்தப் படத்துக்குங்க?”

சொன்னேன். கேரட் ரயிலைச் சொன்னேன். மாதம்மாள் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். “கையி மாரியேன்னு சொன்னாங்களா?” என்று மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு ஹாட்பாக்ஸின் மூடியை ஒரு முறை திறந்து மூடினார்.

“ஆனா ஒண்ணுகூட விக்கலைங்களே சார். அவகிட்ட என்னன்னு சொல்லுவேன்? பத்துப் பேரு ஆசப்பட்டு எடுத்துட்டுப் போனாங்கன்னா, ஒருத்தராச்சும் காசு குடுத்தாங்களான்னு கேப்பா. ஒரே ஒண்ணு... அந்த ரூமு போச்சுங்க.”

அப்போதுதான் அழுதார். ஹாட்பாக்ஸின் மூடிமேல் விழுந்ததை முந்தானையால் துடைத்தார்.

[இந்த இடத்தில் கதையை முடித்துவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். ‘மூடியைத் துடைத்தாள்’ என்று முடித்தால் பத்திரிகையில் உடனே எடுத்துக்கொள்வார்களாம். எனக்கும் அது தெரியும். இதற்கு முன் பல அழுகைகளை நான் அப்படித்தான் விற்றிருக்கிறேன்.]

8

எடுத்துவிட்ட பத்தி இது.

நான்காம் நாள் மாலை ஆன்மேரி அந்தச் சின்னப் பலகையை ஓர் ஆணியில் மாட்டினார். பதினொன்றாவது படம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவரின் முதுகு. உச்சியில் வழுக்கை. இரண்டு பக்கமும் புத்தக அடுக்கு. எதிரே கூட்டம் போகிறது, ஒருவரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. அந்த முதுகு கொஞ்சம் முன்னால் சாய்ந்திருந்தது. என் முதுகு இத்தனை கெஞ்சும் என்று அறுபத்தொரு வயது வரை எனக்குத் தெரியாது.

“என்ன விலை?” என்று கேட்டேன்.

“ரெண்டாயிரத்து ஐந்நூறுங்க சார்.”

“நான்தானே உங்களுக்கு உக்காந்து குடுத்தேன்? ஆயிரம் வச்சுக்குங்க.”

“சும்மா வேணும்னாலும் எடுத்துக்குங்க சார், சந்தோசமாத் தாரேன். ஆனா அது வித்ததா ஆகாதுங்க. கம்மி பண்ணாலும் ஃபெபி நோண்டி நோண்டிக் கேப்பா. வித்தா இந்த வெலதானுங்க.”

“யோசிச்சுச் சொல்றேன்” என்றேன். சட்டைப்பையில் பணம் இருந்தது. ஒரு படம் விற்றால் அறை மிஞ்சும் என்பதும் எனக்குத் தெரியும். அந்த மலையிலேயே அது தெரிந்த ஒரே வாடிக்கையாளன் நான்தான். நானே பேரம் பேசினேன்.

மறுநாள் விசில் அடித்து, பத்து ஆணியும் காலியாகி, என் புத்தகத்தை அந்த முள்ளங்கிக்காரர் திருப்பி வைத்த பிறகு, பதினொன்றாவது மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. சின்னதாக, ஓரத்தில் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. நான் எழுந்து போய் அதைக் கழற்றி, என் பேனர் துணியில் சுற்றி, பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன். காப்பாற்றி வைக்கிறேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் வந்ததும் எடுத்துக் கொடுப்பேன் என்றும் சொல்லிக்கொண்டேன்.

அவர் அழுது முடித்தபின் ஆணிகளை மறுபடி பார்த்தார்.

“உங்க படமுங்க சார்? அதையுமா எடுத்துட்டுப் போயிட்டாங்க?”

“ஆமா. யாருன்னு கவனிக்கலை.”

“பாத்தீங்களா!” என்றார். கண் இன்னும் ஈரமாக இருந்தது, ஆனால் எனக்காகச் சந்தோஷப்பட்டார். “உங்க முதுகுக்கும் ஒருத்தர் ஆசப்பட்டிருக்கறாங்க பாருங்க.”

அன்று மாலையே பஸ் பிடித்து இறங்கிவிட்டேன். பதினான்காவது வளைவில் எனக்கு வாந்தி வந்தது. இது கதைக்காகச் சேர்த்தது அல்ல, வந்தது.

9

இப்போது ஜூன். இந்தக் கடைசிப் பகுதியை எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று சொன்னால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். திட்டுங்கள்.

கதைக்கு முடிவு வரவில்லை. இடத்தை நேரில் பார்த்தால் வரும் என்று தோன்றியது. போனில் தேடினேன். ‘புதிய அறை, பள்ளத்தாக்குக் காட்சி, எழுத்தாளர்களுக்கு ஏற்ற அமைதி’ என்று ஃபெபி போட்டிருந்தார். ஒரு நாள் வாடகை இரண்டாயிரத்து ஐந்நூறு. பேரம் பேசாமல் கட்டிவிட்டேன். ஆம், அதே தொகை. படத்துக்குக் கொடுக்க மனம் வராத பணத்தை, அந்தப் படம் காப்பாற்றியிருக்கக்கூடிய அறைக்கு வாடகையாகக் கொடுத்துவிட்டு அதன் முதல் விருந்தாளியாக வந்திருக்கிறேன். நேற்று மத்தியானம் வந்தபோது வாசலில் ஆன்மேரி, “சார், நீங்களா!” என்று என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். படம் அந்தப் பையில்தான் இருக்கிறது. அவரே அதைத் தூக்கிக்கொண்டு வந்து இரும்புக் கட்டிலுக்கு அடியில் வைத்தார்.

அறைக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள். ஜன்னல் விளிம்பில் மட்டும் தூரிகை துடைத்த பச்சை இன்னும் இருக்கிறது. ஃபெபி தோசை கொண்டுவந்து வைத்துவிட்டு அதைப் பார்த்தார்.

“எத்தன தேச்சாலும் அது போகலைங்க. அக்கா வரையற எடமுங்க இது. ஒண்ணே ஒண்ணு வித்திருந்தா இந்தக் கட்டிலே வந்திருக்காது. எனக்கு மட்டும் சந்தோசமுங்களா? வாக்குன்னா வாக்குங்க. இன்னிக்கு ஒருத்தர் வந்து அந்த விழாவுல எடுத்தேன், இந்தாங்க காசுன்னு நீட்டட்டும், கட்டிலத் தூக்கி வெளிய போட்டுர்றேன்.”

தோசையை விழுங்கினேன்.

மூன்று முடிவுகள் வைத்திருக்கிறேன்.

(அ) பையைத் திறக்கிறேன். பணத்தை நீட்டுகிறேன். ஃபெபி கட்டிலைத் தூக்குகிறார். ஆனால் ‘உங்க முதுகுக்கும் ஒருத்தர் ஆசப்பட்டிருக்கறாங்க’ என்று சொன்ன அந்த முகம், அந்த ஒருத்தர் யார் என்று தெரிந்ததும் எப்படி மாறும் என்று நான் பார்க்க வேண்டியிருக்கும்.

(ஆ) சொல்லாமல் படத்தையும் பணத்தையும் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறேன். இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. நல்லவனாகவும் ஆகலாம், பஸ்ஸும் பிடிக்கலாம்.

(இ) விருந்தினர் கருத்தில் ஃபெபிக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுக்கிறேன். யாரும் வராமல் அறை காலியாகவே கிடக்கும், ஆன்மேரி வரையலாம். ஓடு ஒழுகட்டும். இதை யோசித்ததற்காகவே என்னை யாராவது அறையலாம்.

காலை மணி ஒன்பது ஐம்பது. கதவைத் தட்டுகிறார்கள். ஆன்மேரிதான். ஒரு கையில் எனக்குக் காபி. இன்னொரு கையில் ஜாம் பாட்டில் நிறையத் தூரிகைகள், அக்குளில் ஒரு பலகை.

“தப்பா நெனச்சுக்காதீங்க சார். பதினோரு மணி வரைக்கும் ரூம் உங்களுதுதான். அடுத்த ஆளுங்க சனிக்கெழமதான் வாராங்க. நடுவுல நான் உக்காந்துக்கலாம்னு ஃபெபி சொன்னா. ஆபீசுக்கு லீவு சொல்லிட்டேனுங்க. பத்தரைக்கு மேல வெளிச்சம் ஓட்டு மேல ஏறிரும், அதுக்குத்தான் வந்து எட்டிப் பாத்தேன். எழுதிட்டிருக்கறீங்களா?”

“முடியப்போகுது. முடிவுதான் வரமாட்டேங்குது.”

“அப்ப எழுதுங்க சார், எழுதுங்க! பாதில விட்டா மறுபடி கூடி வராதுங்க, எனக்குத் தெரியும். நான் இங்கயே நிக்கறேன்.”

நிற்கிறார். கதவு பாதி திறந்திருக்கிறது. நான் தலைநிமிர்ந்தால் அவருக்குச் சங்கடமாகிவிடும் என்று ஜன்னல் பக்கம் பார்ப்பது போல நிற்கிறார். ஆனால் பார்ப்பது மேசையைத்தான், என் காகிதத்தின்மேல் விழுந்திருக்கும் வெயிலைத்தான்.

ஒரு நல்ல கடைசிப் பத்திக்கு எனக்கு நாற்பது நிமிடம் வேண்டும். அடித்து, திருத்தி, இன்னொரு முறை அடித்து. அவருக்கும் இருப்பது நாற்பது நிமிடம்தான், ஒரே மேசை. நான் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் அந்த வெயில் கொஞ்சம் நகர்கிறது. இதோ இந்த வரிக்கும் நகர்ந்துவிட்டது.

அதனால் முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பை கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, இன்னும் திறக்கவில்லை. எழுந்ததும் நான் குனிந்து அதை எடுக்கத்தான் வேண்டும். எடுத்து என்ன செய்திருப்பேன் என்று இவ்வளவு தூரம் என்னைப் படித்த உங்களுக்குத் தெரியாதா? எப்படி முடித்தாலும் எனக்குச் சம்மதம். பேனாவை வைக்கிறேன். நாற்காலியை அவர் பக்கம் திருப்புகிறேன்.

“வாங்க ஆன்மேரி, வந்து உக்காருங்க. நான் —